மேகத்துக்குள் பறக்கிறவர்களால் பனிப்புழுதிக்குள் ஏன் இறங்க முடியவில்லை?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு மையத்துக்குப் பக்கத்தில் 2022 பிப்ரவரி 22 அன்று இரண்டு பிளாக் ஹாக் ராணுவ ஹெலிகாப்டர்கள் தரையிறங்கும்போது நொறுங்கிய வீடியோவைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "மேகத்துக்குள்ளேயே கருவிகளைப் பார்த்துப் பறக்கிறார்கள். பத்திருபது அடி உயரப் பனிப்புழுதியில் தரை தெரியவில்லை என்பது சாக்கு இல்லையா? ஓட்டியவர் கத்துக்குட்டியா?" என்பது நீங்கள் எழுதியது. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கருவிகள் இருந்தும் ஏன் முடியாது என்பது ஒன்று. அப்படி முடியாதென்றால் விபத்துக்கு யார் பொறுப்பு என்பது மற்றொன்று. முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு வீடியோவை மட்டும் வைத்துப் பதில் சொல்பவரை நம்பாதீர்கள், அது நானாகவே இருந்தாலும்.

என்னைப் பற்றி ஒரு வரி. ராணுவத்தில் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டியவன். மூன்று குளிர்காலம் லடாக்கில் இருந்தேன். அப்புறம் பல வருஷம் இளையவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். பிளாக் ஹாக்கை ஓட்டியதில்லை, அமெரிக்க மலைகளில் பறந்ததும் இல்லை. ஆனால் ரோட்டருக்கு, அதாவது தலைமேல் சுழலும் இறக்கைகளுக்கு, கீழே பொடிப்பனி நடந்துகொள்ளும் விதம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

முதலில் ஒரு வார்த்தைச் சிக்கல். நமக்கு மார்கழி விடியலில் புல்நுனியில் இருப்பதும் பனி, இமயத்தில் ஆள் உயரம் கிடப்பதும் பனி. அதனாலேயே "பனியில் விபத்து" என்றதும் மூடுபனியில் லாரி மோதிய மாதிரி ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது. இது அதுவல்ல. பல சமயம் வானம் தெளிவாக இருக்கும், வெயில்கூட அடிக்கும், மைல் கணக்கில் மலைகள் தெரியும். கண்ணை மறைக்கும் மேகத்தை அந்த ஹெலிகாப்டரே உண்டாக்குகிறது. இறங்கத் தொடங்கும்வரை அந்த மேகம் அங்கே கிடையாது.

எவ்வளவு காற்று என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். பிளாக் ஹாக்கின் ரோட்டர் வட்டத்தின் விட்டம் 16 மீட்டர் சொச்சம். எடை 8 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையை அந்தரத்தில் நிறுத்த ரோட்டர் கீழே தள்ளும் காற்று, மலைமேல் மெலிந்த காற்றில், கீழே போகப் போக வேகம் கூடி மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும். தரையில் மோதியதும் நாலாபக்கமும் பரவி, சற்றுத் தள்ளி மேலே எழும்பி, மறுபடி ரோட்டருக்குள்ளேயே இழுபட்டுக் கீழே வரும். போகிற வழியில் பொடிப்பனியையும் அள்ளிக்கொண்டு சுற்றும். ஈரப்பனி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு கிடக்கும், அடம்பிடிக்காது. குளிர் நன்றாக இறங்கிய இரவில் புதிதாக விழுந்த உலர்ந்த பனிதான் மாவு மாதிரி பறக்கும். ராஜஸ்தான் மணலில் இறங்கியவர்களுக்கும் இதே தொல்லைதான். ஆனால் மணல் பழுப்பு. சுற்றியுள்ள கல்லும் புதரும் அதில் கொஞ்சமாவது தெரியும். பனியில் புழுதியும் வெள்ளை, தரையும் வெள்ளை.

இனி கருவிக்கு வருவோம். மேகத்துக்குள் பறக்கும் விமானம் வேகத்தோடு பறக்கிறது, சுற்றிலும் மோத எதுவும் இல்லாத உயரத்தில் பறக்கிறது. நூறு அடி மேலே கீழே போனாலும் குடி முழுகிவிடாது. இறங்கும்போதும், சாதாரணமாக 200 அடி உயரத்துக்குள் ஓடுபாதை கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் மறுபடி மேலே போய்விட வேண்டும் என்பதுதான் விதி. ஒன்றுமே தெரியாமல் தானாகத் தரை தொடும் பெரிய பயணிகள் விமானங்கள் உண்டு. அதற்கு ஓடுபாதையிலிருந்து வரும் ரேடியோ அலைக்கற்றைகள் வேண்டும், விமானத்துக்குள் ஒன்றுக்கு இரண்டு மூன்று கணினிகள் வேண்டும். மலைமுகட்டில் யார் அலைக்கற்றை வைத்திருக்கிறார்கள்?

ஹெலிகாப்டர் நின்ற நிலைக்கு வரும்போது கருவிகள் ஒவ்வொன்றாகக் கைவிரிக்கும். வேகமானி மணிக்குச் சுமார் 75 கிலோமீட்டருக்குக் கீழே நம்பத் தகுந்ததல்ல, ரோட்டர் தள்ளும் காற்றே அதைக் குழப்பிவிடும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவியில் சில பத்து அடி பிழை சகஜம். நமக்கோ கடைசி முப்பது அடிதான் பிரச்சினையே. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் முள் ஒன்றிரண்டு வினாடி பின்தங்கி வரும். செயற்கை அடிவானம் காட்டும் கருவி ஹெலிகாப்டர் சாய்ந்திருக்கிறதா என்று சொல்லும், ஆனால் நகர்கிறதா என்று சொல்லாது. இரண்டு டிகிரிச் சாய்வு அந்தக் கருவியில் ஒரு கோட்டுத் தடிமன். அந்த இரண்டு டிகிரி போதும், ஹெலிகாப்டர் மனிதன் நடக்கிற வேகத்தில் பக்கவாட்டில் நழுவத் தொடங்கும்.

நடக்கிற வேகத்தில் நழுவினால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். அதில்தான் ஆபத்தே இருக்கிறது. சீட்டா மாதிரியானவற்றுக்குச் சக்கரம் இல்லை. ஸ்கிட் என்கிற இரண்டு சறுக்குத் தண்டுகள்தான். பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இறங்கும்போது ஒரு தண்டு பனிக்குள் புதைந்து மாட்டிக்கொண்டால், ஹெலிகாப்டர் அதையே அச்சாக வைத்துக் கவிழப் பார்க்கும். ஒரு சாய்வைத் தாண்டிவிட்டால் கையிலிருக்கும் குச்சியை எதிர்ப்பக்கம் எவ்வளவு தள்ளினாலும் நிமிராது. ரோட்டரின் தூக்குவிசையை உடனே குறைப்பது ஒன்றுதான் வழி. ஆனால் பயந்தவன் கை இழுப்பது எப்போதும் மேலே. பயிற்சியில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். சக்கரம் வைத்ததும் இதற்கு விலக்கல்ல. ரோட்டர் நுனி தரையைத் தொட்டால் அப்புறம் என்ன நடக்கும் என்பதை அந்த வீடியோவிலேயே பார்த்தீர்கள்.

புதிதாக வரும் சில ஹெலிகாப்டர்களில் தரைக்கு மேல் எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் நழுவுகிறோம் என்று திரையில் காட்டும் வசதி இருக்கிறது. ஒரே இடத்தில் தானாக நிறுத்திவைக்கும் தானியங்கியும் வந்துவிட்டது. அவை நிஜமாகவே உயிர் காப்பவை. ஆனால் சரிவில் எந்தப் பக்கம் பள்ளம், பனிக்கடியில் பாறையா, இல்லை காற்று செதுக்கி வைத்த வெறும் மேலோடா என்று எந்தத் திரையும் சொல்வதில்லை.

இதைவிட மோசம், கண் ஒன்றும் காணாமல் இருப்பதல்ல, தப்பாகக் காண்பது. காவிரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கரையைப் பார்க்காமல் ஓடும் நீரையே பார்த்துக்கொண்டிருந்தால், நாம்தான் எதிர்த்திசையில் போகிற மாதிரி இருக்கும். கால் தானாகத் தடுமாறும். கண்ணாடிக்கு வெளியே பனிப்புழுதி வலமிருந்து இடமாக ஓடினால், ஹெலிகாப்டர் வலப்பக்கம் நழுவுவதாக மூளை அடித்துச் சொல்லும். அதைத் திருத்தக் கை இடப்பக்கம் சாய்க்கும். அசையாமல் நின்றிருந்த ஹெலிகாப்டர் இப்போது உண்மையிலேயே நழுவத் தொடங்கும். இது அனுபவமில்லாதவருக்கு மட்டும் நடப்பதல்ல. ஓடும் புழுதியைப் பார்க்கும் கண் எல்லாருக்கும் ஒரே மாதிரி பொய் சொல்கிறது.

அப்படியானால் பனியில் யாருமே இறங்கக் கூடாதே? தினமும் இறங்குகிறார்கள். அதற்கு முறை இருக்கிறது. நாங்கள் கற்றது இரண்டு வழி. ஒன்று, வேகமும் உயரமும் ஒன்றாகக் குறைந்து, தரை தொடும் கணத்தில் இரண்டும் பூஜ்யமாகும்படி நேராக வந்து அமர்வது; நடுவில் நிற்கவே கூடாது. முன்னோக்கி நகரும்வரை புழுதி பின்னால்தான் இருக்கும். முதலில் வாலருகே எழும்பும், பிறகு பின்கதவு, அப்புறம் முன்கதவு. அது நம் முகத்துக்கு வருவதற்குள் தண்டு தரையில் இருக்க வேண்டும். இன்னொன்று, உயரத்திலேயே நின்று, ரோட்டர் காற்றால் பொடிப்பனியை ஊதித் தள்ளிவிட்டு, அடியில் இறுகிய பனி தெரிந்ததும் மெல்ல மெல்ல இறங்குவது. இதற்கு இன்ஜினில் கூடுதல் பலம் கையிருப்பில் இருக்க வேண்டும். மலை உயரத்தில் சுமையோடு போனால் அது இருக்காது, அதனால் லடாக்கில் முதல் வழிதான் பெரும்பாலும்.

இரண்டிலும் கட்டாயம் ஒன்று உண்டு: கண்ணுக்கு ஒரு பிடி. ஒரு பாறை, ஒரு மரம், ஒரு கொடிக்கம்பு, ஏதாவது ஒன்று முன்பக்கம் சற்று வலத்தில், கைக்கெட்டும் தூரம் மாதிரி அருகில் இருக்க வேண்டும். உலகமே வெளுத்துப் போனாலும் அது ஒன்று தெரிந்தால் போதும், தரை எங்கே, நாம் நழுவுகிறோமா என்பது இரண்டும் தெரிந்துவிடும்.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். மேல்காவல் முகாம் ஒன்றில் ஜவான்கள் பனியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி இறங்குதளம் செய்து, மண்ணெண்ணெய் ஜெர்ரிக்கேன்களை அடையாளத்துக்கு வைத்திருந்தார்கள். நான் அப்போது இளையவன், பக்கத்தில் மூத்தவர். இறங்கும்போது வலப்பக்கக் கேனைப் பிடித்துக்கொண்டேன். புழுதி வந்து மூடியது, கேன் மட்டும் தெரிந்தது, சந்தோஷமாக அதையே பார்த்துக்கொண்டு இறங்கினேன். அது காலி கேன். யாரோ முதல் நாள் மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டு அப்படியே வைத்துவிட்டார்கள். எங்கள் காற்றில் அது மெதுவாக உருண்டு போய்க்கொண்டிருந்தது, நானும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன், பள்ளத்துப் பக்கமாக. எனக்குத் துளியும் தெரியவில்லை. மூத்தவர் இடது கேனையும் பார்த்திருக்கிறார். ஒன்றும் பேசாமல் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டு நேராக மேலே தூக்கினார். புழுதிக்கு மேலே வந்ததும் வெயில். "அடையாளம் போச்சா, தேடாதே. நீயும் போயிடு" என்றார். அன்று மாலையே கேன்களில் கல் நிரப்பச் சொல்லி முகாமுக்குச் செய்தி போனது.

அந்த 'நீயும் போயிடு' என்பதைத்தான் கோ-அரவுண்ட் என்கிறோம். சொல்ல எளிது. கண் மறைந்ததும் மனித மனம் செய்வது தேடல்: ஒரு வினாடி பொறு, புழுதி விலகும், இதோ தரை இங்கேதான் இருந்தது என்று. அந்த ஒரு வினாடி மூன்றாகும், நான்காகும். அதனால் இந்த முடிவை அந்த நேரத்தில் எடுக்கவே கூடாது. முன்னூறு அடி உயரத்தில், எல்லாம் தெளிவாகத் தெரியும்போதே, "இந்தப் பாறை மறைந்தால் தூக்குகிறேன், இந்தத் திசையில் போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் இறங்க வேண்டும். கண் மறைந்த பிறகு செய்ய வேண்டியது ஏற்கெனவே முடிவானதாக இருக்க வேண்டும்: கருவியைப் பார், சமமாகப் பிடி, பலத்தைக் கொடு, மேலே போ. நீங்கள் கேட்ட அந்தக் கருவிகள் உதவுவது இதற்குத்தான். மேலே போக அவை போதும், கீழே வரத்தான் போதாது.

இனி இரண்டாவது கேள்வி. ஸ்னோபேர்ட் விபத்தில் உறுதியாகத் தெரிந்தது: பயிற்சிக்காக வந்தவை, ரோட்டர் கிளப்பிய பனியில் முதல் ஹெலிகாப்டரின் பைலட்டுக்குத் தரை மறைந்தது, அதன் ரோட்டரிலிருந்து உடைந்த துண்டு இரண்டாவதைப் போய்த் தாக்கியது, இரண்டும் கெட்டன, உள்ளே இருந்தவர்களுக்கும் பனிச்சறுக்கு வந்தவர்களுக்கும் உயிர்ச்சேதம் இல்லை. வெளியிலிருந்து எடுத்த வீடியோவால் சொல்ல முடியாதது: உள்ளே இருந்தவர் கண்ணில் எந்த அடையாளம் இருந்தது, அது எப்போது மறைந்தது, பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார். இவை தெரியாமல் "கத்துக்குட்டி" என்பது நியாயமில்லை. என் ஊகம் ஒன்று உண்டு, ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு ஹெலிகாப்டர்கள் சேர்ந்து இறங்கும்போது, தூக்கிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கும் மனதில் "பக்கத்தில் இன்னொன்று எங்கே இருக்கிறது?" என்கிற பயமும் சேர்ந்துகொள்ளும். கூட்டமாக இறங்கும் பயிற்சிகளில் அந்தத் தயக்கத்தைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். இடைவெளியை எவ்வளவு தாராளமாக விட்டாலும் தப்பில்லை.

பொறுப்பு யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான, துயரமான எடுத்துக்காட்டு அலாஸ்காவில் இருக்கிறது. 2021 மார்ச் 27 மாலை, நிக் பனியாற்றுக்குப் பக்கத்து மலைமுகட்டில் பனிச்சறுக்குப் பயணிகளை இறக்கப் போன ஏஎஸ்350 பி3 ஹெலிகாப்டர் மோதிச் சரிவில் உருண்டது. ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். செக் நாட்டுப் பெரும் பணக்காரர் பீட்டர் கெல்னர் அதில் ஒருவர், அதனால் உலகச் செய்தியானது. முகட்டருகே தாழ்வாக நின்று இறங்க முயன்றபோது பனிப்புழுதி சூழ்ந்தது. அதைச் சரியாகச் சமாளிக்காததுதான் காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுக்கு வந்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. கண் மறைந்தால் பைலட் என்ன செய்வார் என்பதை அந்த நிறுவனத்தின் பயிற்சியும் திறன் சோதனையும் போதுமான அளவு பார்க்கவில்லை, கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்பும் கவனிக்கவில்லை என்று சேர்த்தே எழுதியது. வணிக ஹெலிகாப்டர் பைலட்டுகள் எல்லாமே வெளுத்துக் கண் மறையும் இத்தகைய வெண்மறைப்பை (வைட்-அவுட்) அடையாளம் காணவும் தவிர்க்கவும் தெரிந்திருக்கிறார்களா என்று சோதிக்க வேண்டும் என 2014-லேயே அங்கே விதி வந்துவிட்டது. ஏட்டில் இருந்த விதி மலைமேல் ஏறவில்லை.

அந்த அறிக்கையில் என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. ஹெலிகாப்டரிடமிருந்து தகவல் நின்ற பிறகு, மீட்புக் குழுவுக்குச் செய்தி போகக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. பிழைத்தவரின் காயங்கள் மோசமானதற்கு அந்தத் தாமதமும் காரணம் என்று வாரியம் குறித்தது. பனியில் இறங்குவதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் பைலட்டின் கையைத்தான் பார்க்கிறோம். கீழே ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா என்பதை யாரும் கேட்பதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதோடு இன்னொரு வகை வெண்மறைப்பைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. 1979 நவம்பர் 28 அன்று அன்டார்க்டிகாவில் எரெபஸ் மலையில் ஏர் நியூசிலாந்து விமானம் மோதி 257 பேர் இறந்ததும் வெண்மறைப்பு என்றுதான் சொல்லப்படுகிறது. அது வேறு வகை. அங்கே புழுதி இல்லை, காற்றும் தெளிவு. மேலே வெள்ளை மேகம், கீழே வெள்ளைச் சரிவு, நிழல் எங்கும் விழாததால் எதிரே எழும்பி நிற்கும் மலை, சமவெளி நீண்டு போகிற மாதிரியே தெரிந்திருக்கிறது. அந்த வகையில் நாம் மறைந்துவிட்டோம் என்பதே தெரியாது. ஹெலிகாப்டர் கிளப்பும் புழுதி, பாவம், வரும்போதே அறிவித்துவிட்டு வருகிறது.

வாய்ப்பிருந்தால் அந்த யூட்டா வீடியோவை இன்னொரு முறை பாருங்கள், இந்தத் தடவை ஹெலிகாப்டரைப் பார்க்காமல் புழுதியை மட்டும். அது வாலைத் தாண்டி முன்கதவுக்கு வரும் கணத்தில் நிறுத்தி, சக்கரம் தரையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மேலே போயிருக்க வேண்டிய நேரம் அதுதான்.